தாமரை இலையில் வேகும் சீனத்துப் பன்றிக்கறி: வீட்டில் முறையாகச் செய்வது எப்படி?

அடுப்படி:
சீன முறையில் இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த கறி என்றதும், கறிக்கு சோயா சாஸ் தடவி, கையில் கிடைத்த இலையில் சுருட்டி, இட்லிப் பானையில் அரைமணி நேரம் வைத்து எடுத்தால் போதும் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கறி வேகும், சாப்பிடவும் முடியும், ஆனால் அது அந்தப் பண்டம் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த, கிழக்குச் சீனத்தில் இருக்கிற ஹாங்சோ நகரத்து முறையை முழுதாக எழுதுகிறேன். வேறு முறை தெரிந்தவர்கள் சேர்க்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

கறிக்கு மேல் பூசுவது வறுத்துப் பொடித்த அரிசி. இந்தச் சமையலின் உயிரே அதில்தான் இருக்கிறது. அரை கிலோ கறிக்கு 100 கிராம் அரிசி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு சாதாரணப் பச்சரிசி, கால் பங்கு ஒட்டும் அரிசி. கழுவி, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, வெறும் வாணலியில் சின்னத் தீயில் இரண்டு அன்னாசிப்பூவும் ஒரு துண்டுப் பட்டையும் சேர்த்து வறுக்கவேண்டும். அரிசி முதலில் வெள்ளை வெளேரென்று மாறும், அப்போது இறக்கிவிடக் கூடாது. அப்புறம்தான் ஓரத்தில் மஞ்சள் ஏறி, பொரிகடலைக்காரர் கடை வாசலில் வருகிற வாசம் வரும். முழுதும் பொன்னிறமானதும் ஆறவிட்டு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவைப் பதம்தான் வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் கறிமேல் களி பூசியது போல ஆகிவிடும்.

கறி தோலோடு இருக்கிற வயிற்றுப்பாகம். தோல், கொழுப்பு, சதை, மறுபடி கொழுப்பு என்று அடுக்கு தெரியவேண்டும். கறிக்கடையில் கொழுப்பை எடுத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரல் நீளத்துக்கு, முக்கால் அங்குல கனத்தில் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் சதைப்பக்கமிருந்து ஒரு கீறல் போடவேண்டும், தோல் மட்டும் அறுபடாமல். பின்னால் அரிசிப் பொடி அந்தக் கீறலுக்குள்ளும் போகும். ஹாங்சோவில் அப்படித்தான் செய்கிறார்கள். உருகுகிற கொழுப்பை உள்ளே இருக்கிற பொடி அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஊறவைக்க: இளம் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, கரும் சோயா சாஸ் 1 தேக்கரண்டி, தியான்மியான்ஜியாங் எனப்படும் இனிப்பான கோதுமைப் பசை ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, ஷாவ்ஷிங் அரிசி மது 2 மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த இஞ்சி, வெங்காயத்தாள். ஒன்றிரண்டு மணி நேரம் ஊறட்டும். பிறகு பொடியைப் போட்டுப் பிசைந்து, சுமார் 100 மில்லி தண்ணீரோ கறிச்சாறோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, 20 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பொடி தண்ணீரைக் குடித்துவிட்டுக் காய்ந்தாற்போல் இருந்தால் இன்னும் தெளிக்கவேண்டும். வறுத்த அரிசிக்குத் தாகம் அதிகம். கறியிலிருந்து வரும் சாறு மட்டும் அதற்குப் போதாது. இந்த இடத்தில் தண்ணீர் குறைந்தால் எத்தனை மணி நேரம் ஆவியில் வைத்தாலும் பல்லில் மணல் கடிபடும்.

தாமரை இலையில் ஒவ்வொன்றாகப் பொதிந்து, மடிப்பு கீழே இருக்கும்படி அடுக்கி, கொதிக்கிற ஆவியில் 2 மணி நேரம். குறைக்காதீர்கள். தோல் நாக்கில் கரையவேண்டும், அது அவசரத்தில் நடக்காது.

பூந்தளிர்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. ஒரே ஒரு கேள்வி, வாழை இலையில் செய்தால் என்ன? எங்கள் வீட்டுக் கொல்லையில் வாழை நிற்கிறது, தாமரை இலைக்கு நான் எங்கே போவேன்.

ஈசூன்வாசி:
தாராளமாகச் செய்யலாம். தென்சீனத்தில் வாழை இலையில் பொதிந்து அவிக்கிற பண்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. இலை எதுவானாலும் ஆவி ஆவிதானே. நான் இங்கே சிங்கப்பூரில் காய்ந்த தாமரை இலை வாங்கிச் செய்வேன், அது தீர்ந்துபோனால் வாழை இலைதான்.

அடுப்படி:
இதில் நான் உடன்படமாட்டேன். வாழை இலையில் செய்தால் ருசியான ஒரு கறி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாழை இலை வாசம் நமக்கு மீன் பொதியிலிருந்து கட்டுச்சாதம் வரைக்கும் பழகினது, மூடியைத் திறந்ததும் நம்மூர்ச் சமையல் வாசம்தான் வரும். தாமரை இலையின் வாசம் வேறு. பச்சை இலை என்றால் புல்லும் தேயிலையும் கலந்த மணம், காய்ந்தது என்றால் இன்னும் ஆழமாக, வைக்கோல் மாதிரி. இரண்டு மணி நேரத்தில் அந்த மணம் கொழுப்புக்குள் இறங்குகிறது. பன்றிக் கொழுப்பின் திகட்டலை முறிப்பதும் அதுதான்.

இது கோடைகாலப் பண்டம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கொழுப்பு நிறைந்த பன்றிக்கறியை ஏன் வெயில் காலத்தில் சாப்பிடுகிறார்கள்? ஹாங்சோவின் மேற்கு ஏரியில் அப்போதுதான் தாமரை இலை விரிந்து நிற்கிறது. ஏரியின் பத்துக் காட்சிகள் என்று பழங்காலத்திலிருந்து சொல்லிவருகிறார்களே, அதில் தாமரைக்குப் பேர்போன ச்சூயுவான் ஃபெங்ஹ என்ற இடத்தோடு சேர்த்தே இந்தக் கறியைச் சொல்வார்கள். 1956-இல் ஹாங்சோவின் பெயர்பெற்ற உணவுகள் என்று 36 பண்டங்களைப் பட்டியல் போட்டபோது இதுவும் அதில் இருந்தது. இலையை மாற்றினால் பாதிப் பண்டம் போய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

பூந்தளிர், தாமரை இலைக்கு நீங்கள் எங்கேயும் அலையவேண்டாம். பூ மார்க்கெட்டில் கேளுங்கள். சாப்பிடுவதற்கும் பூக்கட்டுக்கும் நம்மூரில் தாமரை இலை இன்னும் விற்கிறது. வாங்கும்போது மட்டும் கவனம், சில இடங்களில் அல்லி இலையைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். அல்லி இலையில் காம்பு சேரும் இடம் வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை வெட்டே இல்லாத முழு வட்டம், காம்பு நடுவில் வந்து ஒட்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரையில் முத்தாக உருளும்.

பூந்தளிர்:
சரி, பூக்கடையில் கேட்டுப் பார்க்கிறேன். பச்சை இலையை அப்படியே கட்டலாமா? குளத்துத் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

அடுப்படி:
அப்படியே கட்டக் கூடாது, பயமும் நியாயம்தான், நம்மூர்க் குளங்களின் நிலைமை தெரிந்ததே. இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, நடுக்காம்பை வெட்டி எடுத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். சுத்தமாவதோடு இலை துவண்டு மடிக்கவும் வரும். முக்காமல் மடித்தால் நரம்போடு கிழியும். காய்ந்த இலை என்றால் அரைமணி நேரமாவது ஊறவேண்டும், அப்புறம் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்கவேண்டும். காய்ந்த இலை நொறுங்கும் என்பதால் பிரிக்காமல் கட்டோடு தண்ணீரில் போட்டு, ஊறின பிறகு பிரியுங்கள். நரம்பு புடைத்திருக்கிற அடிப்பக்கம் வெளியே, வழவழப்பான மேல்பக்கம் கறியைத் தொடும்படி. பெரிய இலை ஒன்றை நாலாக வெட்டினால் நாலு பொட்டலம். நூல் வேண்டியதில்லை, அடுக்கும்போது ஒன்றை ஒன்று நெருக்கி வைத்தால் போதும்.

வூஹான்டாக்டர்:
நான் ஹூபெய் மாகாணத்தில் மருத்துவம் படித்தவன், அதனால் இந்தப் பேச்சில் வராமல் இருக்க முடியவில்லை. அடுப்படி சொன்னது ஹாங்சோக் கதை. ஆனால் அரிசிப் பொடி போட்டு ஆவியில் வேகவைக்கிற கறிக்கு இலை கட்டாயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹூபெய்க்காரர்களிடம் கேட்டால் மியான்யாங்கின் மூன்று ஆவிப் பண்டங்கள் என்று ஆரம்பிப்பார்கள். மியான்யாங் என்பது இன்றைய சியான்தாவோ நகரம். கறி, மீன், காய் மூன்றையும் அதே அரிசிப் பொடியில் பிரட்டி ஆவியில் வைப்பார்கள். அங்கே இலையில் பொதிவது அவசியமில்லை, பெரும்பாலும் கிண்ணத்திலோ மூங்கில் கூடையிலோதான். சிச்சுவானில் தோபான்ஜியாங் என்கிற காரமான அவரைப் பசையும் சிச்சுவான் மிளகும் சேர்த்து, அடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுக்குவார்கள். மேலே இருந்து இறங்குகிற கொழுப்பையும் காரத்தையும் குடித்துவிட்டு அந்தக் கிழங்கு இருக்கிற இருப்பு இருக்கிறதே, விடுதியில் நாங்கள் கறியை விட்டுவிட்டுக் கிழங்குக்குத்தான் சண்டை போடுவோம்.

பழைய ஆதாரமும் இருக்கிறது. யுவான் மெய் என்ற கவிஞர் 1792-இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்தக் கறியை ஜியாங்ஷி மாகாணத்துக்காரர்களின் பண்டம் என்றே எழுதியிருக்கிறார். பாதி கொழுப்பும் பாதி சதையுமான கறி, மஞ்சளாக வறுத்த அரிசிப் பொடி, மாவுப் பசை, அடியில் முட்டைக்கோஸ் வகைக் கீரை. தண்ணீரில் போட்டு வேகவைக்காததால் ருசி முழுதாக நிற்கிறது என்று காரணமும் சொல்கிறார். தாமரை இலைப் பேச்சே அதில் இல்லை. ஜியாங்ஷியின் நான்சாங் பக்கம் இன்றும் மே 5, 6 தேதிகளில் வருகிற கோடைத் தொடக்க நாளில் இந்தக் கறி செய்கிறார்கள்.

அடுப்படி:
நல்ல தகவல், நன்றி. கிண்ணத்தில் செய்கிற முறையை நான் மறுக்கவே இல்லை. இலையில் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் அந்த இலை தாமரையாக இருக்கட்டும், அவ்வளவுதான் சொல்கிறேன். யுவான் மெய் சொன்ன காரணம் இலைப் பொதிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பாத்திர மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட நேராகக் கறிமேல் விழாது, இலை தடுத்துவிடும்.

நாகூர்க்காரி:
எங்கள் வீட்டில் பன்றி கிடையாது, மதுவும் கிடையாது. ஆட்டுக்கறியிலோ மாட்டுக்கறியிலோ செய்யலாமா, இல்லை அது வெறும் ஒப்புக்குச் செய்ததாகிவிடுமா?

வூஹான்டாக்டர்:
ஒப்புக்கு இல்லை அக்கா. சீனாவிலேயே மாட்டுக்கறிக்குத் தனி மரபு இருக்கிறது. சிச்சுவானில் சின்ன மூங்கில் கூடைகளில் மாட்டுக்கறியை அரிசிப் பொடியோடு அவித்து, பரிமாறும்போது மேலே நசுக்கின பூண்டு, மிளகாய்த்தூள், கொத்தமல்லித்தழை தூவித் தருவார்கள். சியான் நகரத்தில் ஹுய் முஸ்லிம்கள் அரிசிக்குப் பதில் கோதுமை மாவில் பிரட்டி ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் செய்கிறார்கள், மெல்லிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது வழக்கம்.

உங்கள் கையில் செய்யும்போது இரண்டு விஷயம். மாட்டுக்கறியில் கொழுப்பு குறைவு என்பதால் பிசையும்போதே இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடவேண்டும், இல்லாவிட்டால் பொடி வறண்டு போகும். துண்டு மெல்லியதாக, நாருக்குக் குறுக்கே அரிந்ததாக இருக்கட்டும். மெல்லிய துண்டுக்கு ஒரு மணி நேரம் தாராளம். மதுவுக்குப் பதில் இஞ்சிச் சாறும் கறிச்சாறும் போதும். ஆட்டுக்கறிக்குச் சீரகம் கொஞ்சம் வறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி:
கோழியும் நன்றாக வரும். தொடைக்கறியாக எடுங்கள், நெஞ்சுக்கறி வேண்டாம், காய்ந்துவிடும். 40 நிமிடத்தில் வெந்துவிடும். தாமரை இலை மணம் கோழியில் ஏறுகிற மாதிரி மற்றதில் ஏறாது என்றுகூடச் சொல்வேன்.

மாம்பலத்துவாசி:
சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

வூஹான்டாக்டர்:
உண்டே. சேப்பங்கிழங்கு, பூசணி, கேரட், கீரைத் தண்டு எல்லாவற்றையும் ஹூபெய்யில் அதே பொடியில் பிரட்டி அவிப்பார்கள். எண்ணெயும் உப்பும் கொஞ்சம் தூக்கலாக. சேப்பங்கிழங்கு என் தேர்வு.

ஈசூன்வாசி:
இன்னொரு பக்கத்தையும் பேசலாம். இலையில் கறி என்றதும் இங்கே சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறவர்களுக்கு நினைவுக்கு வருவது லோ மாய் காய்தான். ஒட்டும் அரிசிக்குள் கோழி, காளான், லாப் சோங் என்கிற காய்ந்த தொத்திறைச்சி எல்லாம் வைத்துத் தாமரை இலையில் பொதிந்து அவிக்கிற கான்டோனியப் பண்டம். இங்கே காலையில் கடைகளில் விற்பது பெரும்பாலும் இலையில்லாமல் சின்னக் கிண்ணத்தில் அவித்துக் கவிழ்த்தது. வீட்டில் செய்தால் இலையில் செய்யுங்கள், நாள் பூராவும் வீடு மணக்கும். ஒட்டும் அரிசிக்கு மலாய்க் கடையில் புலுட் என்று கேளுங்கள், ராத்திரி முழுக்க ஊறவைத்து, முதலில் அரிசியைத் தனியாக ஆவியில் முக்கால் பதம் வேகவைத்துவிட்டுத்தான் கறியோடு சேர்க்கவேண்டும். பச்சை அரிசியாக உள்ளே வைத்தால் நடுவில் வேகாமல் நிற்கும்.

மேலே அடுப்படி சொன்ன 2 மணி நேரத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. குக்கரில் வெயிட் போட்டு 40 நிமிடம் வைத்தால் அதே கறி அதே மாதிரி வெந்து வருகிறது. கேஸ் விலையில் யார் இரண்டு மணி நேரம் அடுப்பு எரிப்பார்கள்?

அடுப்படி:
வேகும், மறுக்கமாட்டேன். குக்கருக்குள் சூடு 120 டிகிரி பக்கம் போகும், சாதாரண ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, தோல் சீக்கிரம் இளகத்தான் செய்யும். ஆனால் குக்கரில் செய்த கறியை அழுத்திப் பாருங்கள், கொழுப்பு பிரிந்து இலைக்கு அடியில் குளமாக நிற்கும், பொடி ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் கட்டியாகவும் இருக்கும். மெதுவாக வேகும்போது கொழுப்பு உருக உருக அரிசி அதை இழுத்துக்கொண்டே வருகிறது, இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும். வேலைநாளில் குக்கர் சரி. விருந்தாளி வருகிற நாளில் இட்லிப் பானையில் வையுங்கள். தட்டுகளை எடுத்துவிட்டு ஓட்டைத் தட்டு ஒன்றைப் போட்டால் எட்டுப் பொட்டலம் பிடிக்கும். பக்கத்து அடுப்பில் வெந்நீர் தயாராக இருக்கட்டும், அரைமணிக்கு ஒருமுறை ஓரமாக ஊற்றவேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறுந்துபோகும்.

ஈசூன்வாசி:
என் குக்கரில் குளம் கட்டவில்லை, நான் பொடியைக் கொஞ்சம் அதிகம் போடுகிறேன், அரை கிலோவுக்கு 130 கிராம். அதனால் இருக்கலாம். ஆனால் வெயிட்டைத் தூக்கி அவசரமாக ஆவியை வெளியேற்றக் கூடாது, தானாக அடங்கவிடவேண்டும், இல்லாவிட்டால் பொட்டலம் வெடித்துப் பிரியும்.

பூந்தளிர்:
இணையக் கடையில் பச்சைப் பசேலென்று மூங்கில் இலை ஒன்று விற்கிறார்கள், சீன இலைப் பொதிக்கு என்று போட்டிருக்கிறது. அதை வாங்கலாமா?

வூஹான்டாக்டர்:
அது சோங்ட்ஸுக்கான இலை. சந்திர மாதக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வருகிற டிராகன் படகுத் திருநாளுக்கு ஒட்டும் அரிசியைக் கூம்பாகக் கட்டி வேகவைப்பார்களே, அதற்கு. குறுகலான இலை, கறித்துண்டு பொதிய இரண்டு மூன்றைச் சேர்த்து வைக்கவேண்டியிருக்கும்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதில் எச்சரிக்கை தேவை. காய்ந்த இலை மங்கின நிறமாகத்தான் இருக்கும், கொதிக்கவைத்தால் இன்னும் பழுப்பாகும். காய்ந்த பிறகும் பளிச்சென்று பச்சையாக இருந்து, வெந்த பிறகும் அந்தப் பச்சை மாறாவிட்டால் மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) முக்கியதாக இருக்கலாம். சீனாவில் இப்படி நிறம் ஏற்றின இலைகளைப் பற்றி அதிகாரிகளே பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். உறைநிலையில் வருகிற பச்சை இலை வேறு, அது இயல்பாகவே பச்சை. நீங்கள் பூ மார்க்கெட்டுக்கே போங்கள்.

நாகூர்க்காரி:
நேற்று மாட்டுக்கறியில் செய்தேன், தாமரை இலையில்தான். பொடி நீங்கள் சொன்ன ரவைப் பதம், எண்ணெய் இரண்டு கரண்டி, மேலே பூண்டும் கொத்தமல்லியும். இலையைப் பிரித்ததும் பிள்ளைகள் முதலில் முகர்ந்துதான் பார்த்தார்கள். பொடி ஒவ்வொரு துண்டோடும் ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருந்தது, மணல் கடிக்கவே இல்லை. என் மாமியார் வெறும் சோற்றோடு சாப்பிட்டுவிட்டு இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்தார். உப்பு மட்டும் ஒரு மட்டம் கூடுதலாகப் பட்டது எனக்கு.

அடுப்படி:
ரொம்ப மகிழ்ச்சி. சோயா சாஸும் பசையும் கம்பெனிக்குக் கம்பெனி உப்பு மாறும். அடுத்த தடவை இளம் சோயா சாஸை ஒன்றரைக் கரண்டியாகக் குறைத்துவிட்டு, பொடியைப் பிசைந்த பிறகு ஒரு சிட்டிகையை வாணலியில் வாட்டி ருசி பாருங்கள். வெந்த பிறகு எதையும் திருத்த முடியாது.

நாகூர்க்காரி:
மீதி நாலு பொட்டலம் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் தாங்குமா?

அடுப்படி:
தாங்கும். இலையைப் பிரிக்காமல் டப்பாவில் மூடி வையுங்கள், இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கு மேல் என்றால் ஃபிரீசரில் போடவேண்டும். சூடுபண்ணும்போது மைக்ரோவேவ் வேண்டாம், பொடி இறுகிவிடும். மறுபடியும் ஆவியில் 20 நிமிடம், ஃபிரீசரிலிருந்து எடுத்தது என்றால் அரைமணிக்கு மேல்.